உருளைக்கிழங்குத் தோல்

– மூணாவது விதியை இன்னொரு தரம் படிச்சுக் காட்டுறேன், ஓர்ஃபெலினா அம்மா. "அலுவலகத்தின் நீரோட்ட நேர அட்டவணையை மறுத்துப் பேசும் படகுக்காரருக்குச் சுற்றுலா அனுமதிச் சீட்டு வழங்கலாகாது." புரிஞ்சுதா?

– நல்லாப் புரிஞ்சுது, தோன் லெயாந்திரோ. போன வாரம் கெயிலென் ஊர்ல ஒருத்தன் மறுத்துப் பேசினான், நீங்க சீட்டைக் கிழிச்சீங்களே, அவன் என் கூடப்பொறந்த தம்பி.

– வருந்துகிறேன். விதிக்குத் தம்பி தங்கச்சி கிடையாது. கவனியுங்க. அட்டவணைப்படி பத்து மணிக்குத் தண்ணி துறைப் பக்கமாத் திரும்புது. பத்து அஞ்சுக்கு, அந்த மஞ்சக் கோபுரம் இருக்கே, அந்தச் சர்ச்சுக்கு எதிர்ல நான் குதிச்சு முக்குளிக்கணும். நீரோட்டம் என்னை அப்படியே உள்ளே இழுத்துட்டுப் போய் உங்க ஊர்த் துறையில விடும். நீங்க என்னோட கயிறு கட்டின மிதவையைப் பார்த்துக்கிட்டே போட்டைப் பின்னால ஓட்டிட்டு வரணும். நான் கரையேறிக் கையெழுத்துப் போட்டா இந்தக் கோடைக்கு நீங்க பயணிகளை ஏத்திக்கலாம்.

– போடலேன்னா கோடை வர்ற ஜனவரி பூரா போட்டைக் கரையில கவுத்துப் போட்டுட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். தெரியுங்க ஐயா.

– அட ஓர்ஃபே, நங்கூரக் கயிறைப் பாரேன், எப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது. தண்ணி இன்னும் வளைகுடாப் பக்கமாத்தானே…

– பௌதிலியோ! கட்டினவ பேசிக்கிட்டு இருக்கேன், குறுக்க வராத. நீ மோட்டாரைப் பாரு. அப்படியே ஐயாவுக்குச் சூடா ஒரு மாத்தே இலைத் தேத்தண்ணி ஊத்திக் குடு.

– உங்க வீட்டுக்காரர் என்னமோ சொல்ல வந்தாரே?

– குளிருதுன்னு சொல்ல வந்தாரு. குடிங்க ஐயா. அடியில தண்ணி பனிக்கட்டி மாதிரி இருக்கும். வயித்துல சூடு இருந்தாத்தான் தாங்கும்.

– ம். முப்பத்தொன்னாவது விதி சூடான பானத்தை அனுமதிக்குது. நல்லா இருக்கே! ஆமா, மடியில என்ன கூடை?

– உருளைக்கிழங்கு. மத்தியானத்துக்கு உரிக்கிறேன். எனக்குக் கை சும்மா இருக்காதுங்க.

– அய்யய்யோ, தோலைக் கடல்ல போடுறீங்களே!

– ஒண்ணே ஒண்ணுதானேங்க.

– ஒண்ணோ நூறோ, பத்தொன்பதாவது விதி. எழுதிக்கிறேன். "பத்து மணி ஐந்து நிமிடம். ஒரு தோல்."

– நேரத்தைச் சரியாப் போட்டுக்கோங்க.

– போட்டாச்சு. நகருங்க, நான் குதிக்கணும்.

– ஐயா, ஒரே ஒரு சந்தேகம். நாப்பத்திரண்டு விதியையும் நீங்களே உட்கார்ந்து எழுதினீங்களாமே?

– யாரு சொன்னா? சரி, உண்மைதான். பதினாலு மாசம்.

– எழுதினவர் வாயாலயே கேக்குறதுக்கு நாங்க கொடுத்து வெச்சிருக்கணும். நாலுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாச் சொல்லுங்களேன். சீட்டுக் கிடைச்சா பயணிகளுக்கு நாங்க ஒப்பிக்கணுமே.

– முதல் தடவையா ஒரு படகுக்காரர் கேக்குறாங்க! சொல்றேன். நாலு: மூழ்குபவர் குதிக்குமுன் படகை நோக்கி வலக்கையால் வணங்க வேண்டும். அஞ்சு: வலக்கையில் பொருள் இருப்பின் இடக்கையால் வணங்கலாம். ஆறு: இரு கைகளிலும் பொருள் இருப்பின் வணங்கியதாகவே கருதப்படும்.

– அடேயப்பா. இந்த ஆறாவது விதி தெரியாமலே முப்பது வருஷமா அடியில போய் மட்டி பொறுக்கியிருக்கேன் ஓர்ஃபே. எப்படித்தான் உசுரோட இருக்கேனோ.

– நீ பேசாம மாத்தே ஊத்து. ஐயா, அந்த ஆறை மட்டும் மெதுவா, இன்னொரு தரம். எழுதிக்கிறேன்.

– தாராளமா எழுதுங்க. ஆனா கையில பென்சில் இல்லையே, கத்திதானே இருக்கு?

– மனசுல எழுதிக்கிறேன். அப்புறம், ஐயா இதுவரைக்கும் எத்தனை தரம் ஓடுற தண்ணியில இறங்கியிருப்பீங்க?

– அது வந்து… சந்தியாகோல எங்க ஆபீஸ் கீழ்த்தளத்துல ஒரு வெந்நீர்க் குளம் இருக்கு.

– அதுல ஓட்டம் உண்டுங்களா?

– சனிக்கிழமை சுத்தம் பண்ணும்போது லேசா இருக்கும்.

– அப்ப இன்னிக்குத்தான் முதல் தரமா?

– விதி எழுத நீரோட்டம் எதுக்கும்மா? மேலதிகாரி ஒருத்தர் புதுசா வந்திருக்காரு. "எழுதினவர் ஒரு தரம் இறங்கித்தான் பார்க்கட்டுமே"ன்னுட்டாரு. அநாவசியமான யோசனை.

– பயமா இருக்கா ஐயா?

– விதிகள்ல அந்த வார்த்தை எங்கேயும் வராது. இன்னொரு மாத்தே இருக்குமா?

– இருக்கு இருக்கு. பௌதிலியோ, ஐயாவுக்கு நிரப்பிக் குடு. அந்த ரப்பர் உடையோட முதுகு ஜிப்பையும் நல்லா இழுத்து விடு. நடுவுல சொட்டுத் தண்ணி பூந்தாலும் ஆளு விறைச்சுப் போயிடுவாரு.

– இழுத்தாச்சு. முங்குறதுக்கு இடுப்புல ஈயப் பட்டையும் கட்டியாச்சு. இது என்ன ஐயா, உங்க மிதவை கறுப்பா இருக்கு?

– உடைக்குப் பொருத்தமா வாங்கினேன். எடுப்பா இல்லே?

– எடுப்பாத்தான் இருக்கு. ஆனா துறைக்கு முன்னால மட்டிப் பண்ணை மிதவை ஆயிரம் கிடக்கு, அத்தனையும் கறுப்பு. உங்களைத் தேட நான் ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்க்கணும்.

– ஓர்ஃபெலினா அம்மா, மிதவைக்குப் பதிலா உங்க மஞ்சப் பால் கேனைக் கொஞ்சம் இரவல் தருவீங்களா?

– தர்றேங்க. பௌதிலியோ, அதுல ஐயாவோட கயிறைக் கட்டு.

– இருபத்து மூணாவது தோல்! ஏம்மா, நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே போடுறீங்களே? அதை எதுக்கு அப்படி முறைச்சுப் பார்க்குறீங்க? மூணு பேருக்கு எதுக்கு அம்மாம்பெரிய கூடைக் கிழங்கு?

– பௌதிலியோ நல்லாச் சாப்பிடுவாரு. நீங்க பதினேழாவது விதியில நிறுத்துனீங்க.

– பதினேழு… பதினேழு… ஓர்ஃபெலினா அம்மா.

– சொல்லுங்க.

– ஜிப்பைத் திறக்கணும்.

– இப்பத்தானே மூடினோம்! எதுக்கு?

– மாத்தே.

– ஆறு தரம் குடிச்சா வராம என்ன செய்யும் ஓர்ஃபே? வாங்க ஐயா, முதல்ல பட்டையைக் கழட்டுவோம். கையுறை, குல்லா, ஜிப்பு. அந்தப் பக்கமாப் போங்க. காத்துக்கு எதிரா மட்டும் நிக்காதீங்க, எனக்கு இருக்குறது இந்த ஒரு கோட்டுதான்.

– சிரிக்காத பௌதிலியோ. அவருக்கு மறுபடி எல்லாத்தையும் மாட்டி விடு. நிதானமா. அவசரப்படாதே.

– நிதானமா? மணியைப் பாருங்க! பதினொன்னு ஏழு! ஒரு மணி நேரம் போச்சு. எழுதுறேன்: "புறப்பாட்டில் கடும் தாமதம். கடலில் வீசிய தோல்கள், நாற்பத்தாறு." மன்னிக்கணும் அம்மா, இப்படி ஒரு படகுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது.

– நாப்பத்தேழுன்னு எழுதுங்க. இதுதான் கடைசி. பௌதிலியோ, பாரு.

– நிக்குது ஓர்ஃபே. அசையவே இல்ல. நங்கூரக் கயிறும் தொளதொளன்னு ஆயிடுச்சு. இரு, இரு… திரும்புது. துறைப் பக்கமாப் போகுது.

– இப்பக் குதிங்க, தோன் லெயாந்திரோ.

– எது நிக்குது? எது திரும்புது? அட்டவணைப்படி தண்ணி பத்து மணிக்கே திரும்பியாச்சு!

– ஐயா, உங்க அட்டவணைக்கு அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கே. எனக்குக் கிட்டக்க இருக்குறது தெரியாது, கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?

– அதுவா, பௌதிலியோ? "நேரங்கள் அனைத்தும்…" இருங்க. "குளிர்கால நேரப்படி."

– கோடைக்குன்னு செப்டம்பர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சாங்க. கடலுக்கு யாரும் தகவல் சொல்லல போலிருக்கு.

– அப்ப… பத்து அஞ்சுக்கு நான் குதிச்சிருந்தா?

– அந்தப் பத்து அஞ்சுத் தோலை நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே. கண்ணெடுக்காமப் பார்த்தேன். நாலு நிமிஷத்துல முனையைத் தாண்டி வளைகுடாவுக்குப் போயிடுச்சு. அதையும் தாண்டினா, அடுத்த கரை நியூசிலாந்துதான்.

– கடவுளே! ஓர்ஃபெலினா அம்மா, தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

– சொல்லியிருந்தா மூணாவது விதி வந்திருக்கும், தோன் லெயாந்திரோ. உங்க அட்டவணையை மறுத்து நான் வாயே திறக்கல. மறுத்ததெல்லாம் இந்த உருளைக்கிழங்குதான். கிழிக்கணும்னா அதோட சீட்டைக் கிழிச்சுக்கோங்க.