மூன்று மாதம் எழுதக்கூடாது

கந்தர்வக்கோட்டை செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருவர்: ஓர் எழுத்தாளரின் மனைவியும், அந்த எழுத்தாளரின் எல்லா நாவல்களையும் பற்றிப் புத்தகம் எழுதும் கல்லூரி ஆசிரியையும்.

"அக்கா, மூணு மாசத்துக்கு சாரை எழுத விடாதீங்க. நான் அச்சுக்குக் குடுக்கும்போதெல்லாம் புதுசா ஒரு நாவல் போட்டுடுறாரு. அதையும் சேக்கணும்னு ரெண்டு தடவ பிரதியத் திரும்ப வாங்கிட்டேன்."

"கண்ணாடிய ஒளிச்சு வச்சுப் பாத்துட்டேன் மேடம். போன்ல பேசிப் பேசியே டைப் பண்ணிடுறாரு."

"போனையும் ஒளிச்சு வைங்க!"

"வைக்கலாம். ஆனா இப்ப எழுதுறது ஒங்களப் பத்தி."

"என்னையா? அதுல எப்படி வாரேன்?"

"எழுத்தாளரப் பாடாப் படுத்துற டீச்சரு. ஆனா நல்லா லட்சணமா இருக்கீங்க."

ஆசிரியை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அவசரமே இல்லக்கா, நிதானமா முடிக்கட்டும். என் புத்தகத்துல மொத அத்தியாயமே அதப் பத்தித்தான்."