அடய்க்கருது

கிருஷ்ணகுமார் சார், சாயா நன்றாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் சாயாவில் இவ்வளவு இஞ்சி போடுவார்கள் என்று நினைக்கவில்லை. "பாவம் அண்ணாச்சி, வாயிக்கான் அறியாத ஆளு" என்று ரைட்டரிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. வாசிக்கத் தெரியாத ஆளாம் நான். மைப்பெட்டியையும் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டீர்கள்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நான்கு வருடமாகத் திரவ நைட்ரஜன் கேன் சுமக்கிறேன். அஞ்சு மேடம் ஒரு என்சைமை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குள் இரண்டு இரும்பு அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தமாம். குளிரவைத்து மெஷீனில் விட்டால் திரையில் கோடு துள்ள வேண்டும். துள்ளவே இல்லை.

"ரெண்டும் உள்ளதான் இருக்கு, கோலப்பண்ணா. ஒண்ணு மேல நோக்கும், மத்தது கீழ நோக்கும். ஒண்ணை ஒண்ணு வெட்டிடும். மெஷீனுக்கு ஒண்ணும் காணாது."

"ஒண்ணை எடுத்துட்டா?"

"மத்தது தெளிஞ்சு காணும்."

அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த அறையில் என்னையும் யாரும் கண்டதில்லை.

ஐம்பது வயது தாண்டி சாக்ஷரதா என்ற எழுத்தறிவு வகுப்பில் மலையாள எழுத்துப் படித்தேன். ஒருநாள் மேடத்தின் முன்னால் நின்று, கதவிலிருந்த அறிவிப்பை உரக்க வாசித்தேன். 'நைட்ரஜன் நிறய்க்கும்போள் வாதில் அடய்க்கருது.' கருது என்றால் எங்கள் தமிழில் நினை என்றுதானே அர்த்தம்?

"நைட்ரஜன் நிரப்பும்போது கதவை அடைக்கணும்னு நினைச்சுக்கணும். சரியா மேடம்?"

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயோ அண்ணா, அடைக்கக் கூடாதுன்னு அர்த்தம். அடைச்சா மூச்சுக்குக் காத்து இருக்காது, ஆள் தீர்ந்து போகும்." பிறகு பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டார். "ஒருக்கா கூடி வாயிச்சே, அண்ணா." இன்னொரு தடவை வாசித்தேன்.

அன்று முதல் நான் கருதண்ணன். கான்டீனில் கருதண்ணன். கிழக்கேகோட்டை பஸ்ஸிலும் பின் சீட்டிலிருந்து கருதண்ணன். கோபமெல்லாம் இல்லை. அலுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் ஊற்ற ஆரம்பித்தபோது மேடம் மெஷீன்மேல் குனிந்திருந்தார். "வாதில் ஓர்மை உண்டா, கருதண்ணா?" என்றார், திரும்பிப் பார்க்காமல். கதவு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கேனைச் சாய்த்துக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து கதவை அடைத்தேன். கொஞ்சம் கழித்து உள்ளிருந்து தட்டினார். பலமாகத் தட்டவில்லை. தட்டல் நிற்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே வாசித்துவிட்டேன், சார். அறிவிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு கதவை அடைத்துவிட்டேன் என்று இருக்கிறது. கைநாட்டு வைத்தால் சாயங்கால பஸ்ஸில் பாறசாலை வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறீர்கள். நல்ல மனது உங்களுக்கு.

ஆனால் இரண்டில் ஒன்றை எடுத்தாயிற்று. இன்னும் நீங்கள் என்னைக் காணவில்லை.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அடய்க்கருது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். மைப்பெட்டி வேண்டாம், பேனாவைக் கொடுங்கள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

சிரிக்காதீர்கள்.