ஓக்கன்ஷா மாளிகையில் அசல் அல்லாதவை

இல்லை, அந்த நாற்காலி வேண்டாம் இன்ஸ்பெக்டர், அது 1868இல் வாங்கியது. இந்த முக்காலியில் உட்காருங்கள். தேநீருக்குப் பால் இவ்வளவு போதுமா?

செல்வி ஹெஸ்டர் ஓக்கன்ஷா எப்படி விழுந்தார் என்று கேட்டீர்கள். வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவருடைய தாத்தா ஜோசையா, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணி நெய்தவர். மகாராணி விதவையானார், நாடே கறுப்புக்கு மாறியது, மறு வருடமே இந்தக் கோபுரம் எழுந்தது. அரச குடும்பத்துக்காக ஜோசையா தினமும் மண்டியிட்டு வேண்டினார் என்று என் நூலில் எழுதியிருக்கிறேன். என்னவென்று வேண்டினார் என்பதை ஹெஸ்டர் வேறு மாதிரி சொல்வார்.

நான் எட்னா பிக்கர்ஸ்கில், இவ்வூர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர், இருபத்திரண்டு வருடங்களாக. பெரிய குடும்பங்களின் வாசலில் நாங்கள் கல் பதிப்போம். குடும்பம் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும் கல்லில் வரும். ஓக்கன்ஷா கல்லில் 1862 செதுக்கி ஒன்பது வருடமாயிற்று. முடிந்த ஆண்டுக்கான இடம் காலி. கடைசி வாரிசு ஹெஸ்டருக்கோ வயது எண்பத்தொன்று. காலையில் இரண்டு கருவாடு சாப்பிடுவார்.

"ஏன்டி எட்னா, அளவெடுக்கிற மாதிரியே பாக்குறே? கல்லுக்குப் பசிக்குதாமா?" என்பார்.

நான் பொறுமைசாலி. ஆனால் டிசம்பரில் அவர் ஒரு செய்தி சொன்னார். வீடு வீடாக நிலக்கரி விற்று ஓய்வு பெற்ற ஆல்ஃப் டார்டாஃபை பிப்ரவரியில் மணக்கப்போகிறார், வீடு அவருக்கே. கோபுரத்தில் ஆல்ஃப் பந்தயப் புறா வளர்ப்பார்.

"ஜோசையாவோட கோபுரத்துலயா?" என்றேன்.

"ஆமா எட்னாம்மா. என் புறாவுக்குப் பதினோரு தலைமுறை எழுதி வெச்சிருக்கேன். உங்க ஓக்கன்ஷாவுக்கு மூணுதானே தேறும்?" என்றார் ஆல்ஃப்.

ஹெஸ்டர் சிரித்துச் சிரித்து இருமினார். "அதுங்க சாவை வித்துப் பொழைக்கலையே, ஆல்ஃப்!"

வீட்டை அசல் நிலைக்குக் கொண்டுவருவது சங்கத்தின் கடமை. கோபுர மாடத்தின் மரக் கைப்பிடி உளுத்துப் போயிருந்தது. 'சாயாதீர்கள்' என்ற அட்டை 1951இல் நாங்கள் மாட்டியது, அதுவும் தட்டச்சில். கழற்றினேன். கைப்பிடியைத் தாங்கிய இரும்புப் பட்டைகளும் அதே வருடத்தவை. அவற்றையும் கழற்றினேன். ஆறு திருகுகள்தான்.

டிசம்பர் 31, பிற்பகல் மூன்று மணி. "புறாக்கூடு எந்தப் பக்கம் வரணும்னு காட்டுங்களேன் மேடம்" என்று மேலே அழைத்தேன். காட்டுவதற்காகச் சாய்ந்தார். என் விரல்கூட அவர்மேல் படவில்லை.

கீழே புதரில் கிடந்தார். புதர் அசல், ஜோசையா நட்டது. நினைவிருந்தது. "எட்னா, டாக்டருக்குப் போன் போடும்மா" என்றார். இந்த வீட்டுக்குத் தொலைபேசி வந்தது 1926இல். அன்று காலைதான் அதன் கம்பியை எடுத்திருந்தேன். அதை அவருக்கு விளக்கினேன். போர்வை கேட்டார். இங்கே இருப்பவை எல்லாம் காட்சிக்கு உரியவை. மாளிகைக் கதவைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்குப் போய், நூலின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.

புத்தாண்டில் வீட்டுக்குள் முதல் காலடி வைப்பவர் கையில் அதிர்ஷ்டத்துக்குக் கரித்துண்டு இருக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம் அல்லவா. இந்த வாசலுக்கு நாற்பது வருடமாக ஆல்ஃப்தான். விடியும்போது வந்து ஹெஸ்டரைப் புதரில் கண்டிருக்கிறார். மருத்துவர் வரும்வரை ஹெஸ்டர் உயிரோடு ஆல்ஃபின் கையைப் பிடித்திருந்தாராம். ஆல்ஃப் சொல்வதுதான், ஆவணம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், வரலாற்றில் பிழை எனக்குப் பிடிக்காது. ஒரே ஓர் உதவி. நண்பகலுக்குள் கல்தச்சருக்கு ஆண்டைச் சொல்ல வேண்டும். அவர் விழுந்தது 1963. இறந்ததாக மருத்துவர் எழுதியிருப்பது 1964. கல்லில் எதைச் செதுக்கச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.