உபால்தோவின் காலில் கட்டிய புல்லுருவி

“ஒடிஞ்ச காலை ஒட்டத் தெரியல, பெரிய வைத்தியச்சியாம். நீயும் உன் பச்சிலையும்” என்று நெலிதா என் முற்றத்தில் நின்று ஊரைக் கூட்டினாள். “போடி, வாயாடிக் கழுதை” என்று நானும் சொல்லிவிட்டேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை வேறு. அந்தப் பாவத்தைச் சொல்லத்தான் வந்தேன், சாமி.

ஆனால் நீங்கள் எங்கள் காஹமார்க்கா ஊர்க் கோயிலுக்குப் புதிது. புல்லுருவியைப் பற்றி அவள் சொன்னதை நம்பிவிடக் கூடாது. அலிசோ மரக்கிளையில் ஒட்டி வளர்வதைப் பறித்து, நசுக்கி, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துத் துணியில் தடவிக் கட்டுவேன். காய்ந்தால் பலகை மாதிரி இறுகும். தானாகத்தான் உதிர வேண்டும். அவிழ்த்துப் பார்த்தால் எலும்பு கோபித்துக்கொள்ளும் என்று பிஷப்பே ஆனாலும் அந்தக் கட்டில் கை வைக்க மாட்டார்.

அடுத்த வீட்டு உபால்தோ சேணம் தைக்கிறவர். கோவேறு கழுதை தள்ளிவிட்டுக் கால் ஒடிந்தது. அது கழுதையின் வேலை, என் வேலை இல்லை. கால் சரியானதும் நெலிதாவோடு கல்யாணம், பிறகு கடலோரத்தில் குடித்தனம் என்று பேச்சு. படுத்திருந்தவருக்கு மக்காச்சோளமும் கினிப்பன்றி வறுவலும் ஊட்டியது நான். “ஹெர்லிந்தா, உன் கை பட்டாலே வலி போயிடுது” என்பார். நெலிதாவிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை, விசாரித்துவிட்டேன்.

கட்டு உதிரத் தொடங்கியதும் கம்பு இல்லாமலே கதவு வரை நடந்து, “கிளம்பிடலாம் போலிருக்கே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோளக் கள் கொடுத்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக. தூங்கிப்போனார். அம்மிக் குழவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இலையை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் அவர் அதிக நேரம் அலற வேண்டியிருக்கவில்லை. “தூக்கத்துல கட்டில்லேர்ந்து விழுந்துட்டீங்களே” என்றேன். “உன்னை ரொம்பப் படுத்தறேன், ஹெர்லிந்தா” என்று அழுதார்.

மூலிகை மேல் மட்டும் பழி வரக் கூடாது, சாமி. ஒவ்வொரு தடவையும் அது அருமையாகத்தான் ஒட்டியது.

நெலிதா போன வாரம் பாலாடைக்கட்டி லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு கடலோரம் போய்விட்டாள். பாஸ்காப் பண்டிகை கழிந்ததும் எங்கள் கல்யாணத்தை நீங்கள்தான் நடத்தித்தர வேண்டும். பூசையைக் கொஞ்சம் சுருக்கமாக வையுங்கள். அவரால் நிற்க முடியாது. என் தோளைப் பிடிக்காமல் ஓர் அடி நகர மாட்டார். என்மேல் அவ்வளவு பிரியம்.