காலிக் கட்டங்களும் நாற்பது படங்களும்

மேடையில் வீற்றிருக்கும் ரசிகர் மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கண்ணாடிக் கடை முதலாளி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கையே, அவள் மகளான என் மருமகளே, மின்விசிறி ஓடாத இந்த அரங்கில் எங்கள் மாப்பிள்ளைக்காக வேர்த்துக்கொண்டிருக்கும் பெருமக்களே,

எல்லாருக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். மாப்பிள்ளையின் இணையதளத்தை ஒரு நாள் இழுத்து மூடுவார்கள், படங்களைக் காரணம் காட்டித்தான் மூடுவார்கள் என்று அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அண்ணே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று என் தங்கை அதட்டினாள். சும்மா இருந்தேன். நடந்ததா இல்லையா?

என் தங்கையைக் கட்டிய எங்கள் மாப்பிள்ளை யார்? முப்பத்திரண்டு வருடம் இந்த ஊருக்கே லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவர். இங்கே மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்களில் பாதிப்பேர் அவர் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் என்னைப் பார்க்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு லென்ஸைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். அந்தக் கண்ணாடியை முதலாளி இன்னும் மேசையிலேயே வைத்திருக்கிறார்.

கடை அவருக்குச் சோறு. அக்கா அவருக்கு மூச்சு. வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கதாநாயகிக்கு அக்காவாகவே அறுபத்தோரு படத்தில் நடித்து, ஒரு படத்தில்கூடக் கல்யாணம் ஆகாமல் போன நடிகைக்கு நம் மன்றம் வைத்த பெயர்தான் அக்கா. உலகத்திலேயே அவருக்கென்று ஒரே ஒரு தளம்தான் இருந்தது, அது மாப்பிள்ளை நடத்தியது. அதை நூற்றுப்பத்து நாடுகளில் பார்த்தார்கள். என் தங்கை தலையை ஆட்டுகிறாள். சரி, பதினோரு நாடுகள். பதினொன்று குறைந்ததா?

அந்தத் தளத்தில் அவர் வைத்திருந்த ஒழுங்கு எந்தப் பத்திரிகை அலுவலகத்திலாவது உண்டா? நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் காப்புரிமை என்றால் என்னவென்று ஒரு வக்கீலுக்கே பாடம் எடுத்திருக்கிறேன், மாப்பிள்ளையின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த தைரியத்தில்! ஒரு படம் கிடைத்தால் உடனே போட மாட்டார். எடுத்தவர் யார், எந்தப் படப்பிடிப்பு என்று தேடுவார். கடிதம் எழுதுவார். சம்மதம் வந்தால் போடுவார். கீழே எடுத்தவர் பெயர், அதற்குக் கீழே 'ஒப்புதலுடன்' என்று ஒரு வார்த்தை. சம்மதம் வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம். உள்ளே படம் இருக்காது, எழுத்து இருக்கும். 'அக்கா ஜன்னல் ஓரம் நிற்கிறார். இடது கன்னத்தில் மட்டும் வெளிச்சம். தங்கையின் கல்யாணப் புடவையை மடித்துக்கொண்டிருக்கிறார்.' இப்படித் தொண்ணூறு கட்டங்கள்.

எத்தனை பேர் கேலி செய்தீர்கள்? படமே இல்லாத படத் தளம் என்று இதோ மேடையில் இருக்கும் செயலாளரே சொன்னார். "குருடனுக்கு நடத்துறியாப்பா?" என்றார். மாப்பிள்ளை கோபப்படவில்லை. "நம்மதில்லாதத நாம எப்படிண்ணே போடறது?" என்றார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரின் தளத்தைத்தான் மூடினார்கள். யாருடையது ஓடுகிறது தெரியுமா? அவர் போட்ட படங்களை அள்ளிக்கொண்டுபோய், மூலையில் தங்கள் முத்திரையைக் குத்தி, நடுவில் முடி உதிர்வுத் தைலத்துக்கு விளம்பரம் போட்ட ஏழெட்டுத் தளங்கள் இன்றைக்கும் ஜாம் ஜாம் என்று ஓடுகின்றன. யாரிடம் போய்ச் சொல்வது? புகார் எழுதினால் தானாகவே ஒரு பதில் வருகிறது: உங்கள் கருத்துக்கு நன்றி. வயிறு எரியாதா?

அவ்வளவு தூரம் எதற்கு? எனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள். மாப்பிள்ளையின் சட்டைப்பைக்கு மேலே சாய்வாக ஏதோ எழுத்து தெரிகிறதே, அது என்ன? அதில் ஒரு தளத்தின் முத்திரை! படத்தை எடுத்தது என் மருமகள், வீட்டு மொட்டை மாடியில். அதை நம் தளத்திலிருந்து திருடியவன் முத்திரை குத்தினான். அவனிடமிருந்து பேனர் கடைக்காரர் எடுத்தார். மன்றம் அதைத் தூக்கி மேடையில் மாட்டிவிட்டது. வாசலில் நுழைந்ததும் மருமகள் என்னிடம், "மாமா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல படமாவே குடுத்திருப்பேனே" என்றாள். ஒரு வார்த்தை. வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனிதர் படம் போட்டார்.

இனி நாற்பது படங்களுக்கு வருகிறேன்.

அக்காவின் கடைசிப் படத்துக்கு ஸ்டில் எடுத்த பெரியவரைப் பற்றித் தலைவர் இப்போது பேசினார். கொடுத்த வாக்கை மறந்தவர் என்றார், இன்னும் கொஞ்சம் சூடாகவும் சொன்னார். இந்தக் கூட்டம் முடியும்போது அந்தப் பெரியவரைக் கண்டித்து ஒரு தீர்மானம் வரப்போகிறது. வாய்மொழியாக அனுமதி கொடுத்துவிட்டுப் பின்னால் மறுத்தார், தளம் மூடப்படக் காரணமானார் என்று அதில் எழுதியிருக்கிறது. அனுமதி கொடுத்ததை நேரில் கேட்ட சாட்சி என்று என் பெயர் இருக்கிறது.

அந்தக் கதையை நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரியவர் எடுத்த நாற்பது படங்களுக்காக மாப்பிள்ளை கடிதம் போட்டும் பதில் வரவில்லை. நான் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போவது தெரிந்து மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க. சரின்னா போடுவோம். வேண்டாம்னா காலியாவே இருக்கட்டும்." நான் திரும்பி வந்து சொன்னேன்: "கையப் பிடிச்சுக்கிட்டாரு மாப்பிள்ள. தாராளமாப் போடச் சொல்லுங்க, என் பேர் இருந்தாப் போதும்னாரு." மாப்பிள்ளை அன்று மாலையே நாற்பது கட்டங்களையும் நிரப்பினார். நாற்பதிலும் 'ஒப்புதலுடன்'.

எட்டு மாதத்துக்கு முன்னால், தளத்தை வைத்திருந்த நிறுவனத்துக்குப் பெரியவரிடமிருந்து புகார் போனது. யாருக்கும் நான் அனுமதி கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஒன்றிரண்டு படத்தைச் சிறிதாகப் போட்டு அதைப் பற்றி விளக்கம் எழுதியிருந்தால் நியாயமான பயன்பாடு என்று வாதாடிப் பார்க்கலாம், முழு ஆல்பத்தையே போட்டால் அனுமதிதான் ஒரே வழி என்று மன்றத்து வக்கீல் கையை விரித்தார். அந்த நிறுவனம் நாற்பதை மட்டும் நீக்கவில்லை. பதினான்கு வருட உழைப்பை ஒரே நாளில் மூடியது. மாப்பிள்ளை என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "மச்சான், அவர் சொன்னது அதே வார்த்ததானே?" ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றேன். பெரியவருக்கு அவர் அனுப்பிய பதிலின் நகலை என் தங்கை நேற்று என் கையில் கொடுத்தாள். மரியாதையான நான்கு வரி. கடைசி வரி: 'என் மச்சான் நேரில் கேட்டு வந்தார், அவர் கதை சொல்வார், ஆனால் என்னிடம் பொய் சொல்ல மாட்டார்.'

பெருமக்களே, கடைசி வரிசையில், கதவோரம், மடியில் துணிப்பையோடு ஒரு பெரியவர் இருக்கிறார். கூட்டம் தொடங்கும் முன் வாசலில் என்னிடம்தான் வழி கேட்டார். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். "நான் அந்த நாற்பதத்தான் எடுக்கச் சொன்னேன். முழுசா மூடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா. அவர் எம்மேல கோபமாவே போயிட்டாரோ?" என்றார். அவர் தலைவர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

தளத்தை என் மருமகள் மறுபடி திறக்கப்போகிறாள். தொண்ணூறோடு நாற்பதையும் சேர்த்து நூற்றுமுப்பது காலிக் கட்டங்களோடு திறப்போம். ஒவ்வொரு படத்துக்கும் கேட்போம், எழுதிக் கேட்போம், இல்லை என்றால் இல்லை என்றே போடுவோம். மாப்பிள்ளையின் வேலை நிற்காது. இது உறுதி. ஆனால் தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தைப் படிக்காதீர்கள். என் பெயர் இருக்கும் வரியை முதலில் அடியுங்கள்.

தளம் மூடப்படும் என்று அன்றே சொன்னேன் என்றேனே, எனக்கு எப்படித் தெரிந்தது? எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பெரியவரின் வீட்டுக் கேட் வரை போனேன், அது உண்மை. உள்ளே நாய் குரைத்தது. மணியை அழுத்தவில்லை. ஒரு சின்ன வேலையை முடிக்காமல் வந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்ததும் இல்லை, தாராளமாக என்றதும் இல்லை. அது நான் கட்டிய கதை. அந்தப் பெரியவரின் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது இன்றைக்கு, இந்த வாசலில்.