டால்பர்ட் கையெழுத்துக்குக் கீழே

— கையை எடு, தென்றல். பூஜையில இருக்கற புத்தகத்தை இன்னிக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு விஜயதசமி. மறுபூஜை முடிஞ்சதும் எடுத்துக்கலாம்.

— ஏங்க, என்னோட டால்பர்ட் புக் பூஜைக்கு எப்படி வந்துச்சு? டெக்ஸஸ் கிளம்பறப்ப துணியில சுத்தி கிளாஸெட்ல வச்சுட்டுத்தானே போனேன்?

— சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைக்காம வேற என்னத்தை வைப்பாங்க? முதல்ல பையை இறக்கு. ஏர்போர்ட்ல இருந்து வந்ததும் வராததுமா ஏன் இப்படி நிக்கற? காபி போடட்டுமா?

— இது என்னங்க?

— எது?

— இந்தா, முதல் பக்கத்துல. அவர் கையெழுத்துக்குக் கீழ. சந்தனம் வச்சு, அதுமேல குங்குமம்.

— காஞ்சா அவ்வளவா தெரியாது கண்ணு.

— எண்பது வருஷத்துப் பேப்பர்ங்க இது. ஊறி அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கு. நான் கை கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டுத்தான் இதைத் தொடுவேன். அது உங்களுக்குத் தெரியும்ல?

— தெரியும்.

— சந்தனம் குழைச்சது யாரு?

— நான்தான்.

— குங்குமக் கிண்ணத்தை எடுத்து வச்சது?

— அதுவும் நான்தான். ஆனா சித்த நான் சொல்றதை...

— போதும். லேப்டாப்புக்கு வச்சிருக்கீங்க, கார் சாவிக்கு வச்சிருக்கீங்க, ரைஸ் குக்கரைக்கூட விடல. நான் ஏதாவது சொன்னேனா? வீட்டுல ஒரே ஒரு பொருள்ங்க. ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் விட்டிருக்கக் கூடாதா?

— வையறதுன்னா வை. வஞ்சு முடிச்சுட்டு உக்காரு.

— எப்படி உக்காரறது? சாயங்காலம் மிஸ் ரூத் வர்றாங்க. டால்பர்ட்டோட பொண்ணு. மறந்துட்டீங்களா?

— மறப்பனா? அந்தம்மா வர்றதுக்காகத்தானே நீ டெக்ஸஸ்ல இருந்து ஓடி வந்திருக்கற.

— அவங்க கையில காம்பஸ் பெட்டி இருக்கு. கண்ணு தெரியற வரைக்கும் அவர் அதை வச்சுத்தான் கட்டடமெல்லாம் வரைஞ்சார். அதை ஏலத்துக்கு விடறதா, நம்மகிட்ட கொடுக்கறதான்னு இன்னிக்கு முடிவு சொல்லப் போறாங்க. "எங்கப்பா எந்த வீட்டுல இருக்கப் போறார்னு பார்க்கணும்"னு சொன்னாங்க. வந்தா முதல்ல இந்த புக்கைத்தான் கேப்பாங்க.

— கேக்கட்டும். காட்டு.

— எதைக் காட்ட? இதையா?

— ஆமா, இதைத்தான். இன்னிக்கு எங்க வீட்டுல பூஜை, பொட்டு வச்சிருக்குன்னு சொல்லு. உள்ளதைச் சொல்றதுக்கு என்ன?

— அவங்களுக்கு என்னங்க புரியும்? அவங்கப்பா பேர்ல சிவப்புச் சாயத்தைப் பூசிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க.

— அந்தம்மா அப்படி நினைக்கற ஆளில்ல.

— நீங்க என்னமோ பத்து வருஷம் பழகின மாதிரி பேசறீங்க.

— உனக்கு உன்ற வீட்டுப் பழக்கமே வெட்கமா இருக்குது. அதைச் சொல்லு. லிவர்மோர் கோயில்ல கையை நீட்டி வாங்கி நெத்தியில வச்சுக்கற. அதே குங்குமந்தானே?

— வெட்கம் இல்லங்க. பயம். டால்பர்ட் கட்டின ஹோட்டல்ல, கறுப்பர்ங்கறதால டால்பர்ட்டுக்கே ரூம் தரல. திறப்பு விழா அன்னிக்கு கிச்சன் வழியா உள்ள விட்டாங்க. சுவர்ல இருந்த பேர்ப் பலகையில அவர் பேரை மட்டும் சிமென்ட் வச்சு மூடினாங்க. பார்க்கிற இடமெல்லாம் அப்பா பேரை யாராவது அழிச்சதைப் பார்த்து வளர்ந்தவங்க அவங்க. அந்த வரிசையில நம்மளும் போய் நிக்கணுமா?

— நாம அழிக்கலையே, தென்றல்.

— அவங்க கண்ணுக்கு அப்படித்தாங்க தெரியும்.

— சரி, நாலு மணி வரைக்கும் பொறு. அவங்க வரட்டும், மூஞ்சியைப் பார்த்துப் பேசிக்கலாம். அதுவரைக்கும் எதுவும் பண்ணாத.

— உங்களுக்கு எல்லாமே ஈஸிதான். கம்பெனி, டீம், மீட்டிங்னு இங்க வந்த மறுநாளே உங்களுக்கு ஒரு இடம் இருந்துச்சு. நான் திருச்சியில ஆர்க்கிடெக்சர் படிச்சுட்டு வந்து, ஹெச்-ஃபோர் விசால வேலைக்குப் போக முடியாம, இந்த ஹால்ல உக்காந்து தெருவைப் பார்த்துட்டு இருந்தேன். அப்பத்தான் சான் ரமோன் லைப்ரரியோட பழைய புக் சேல்ல இவரோட முதல் புக்கைப் பார்த்தேன்.

— தெரியாதா எனக்கு? அன்னிக்கு நீ சோறு திங்கல. அடுப்புல சாம்பார் தீயற வரைக்கும் படிச்சுட்டு இருந்த.

— அதுக்கப்புறந்தாங்க நான் மறுபடி பென்சிலை எடுத்தேன். லைசென்ஸ் பரீட்சைக்குப் படிச்சது, இப்ப வேலைக்குப் போறது எல்லாமே அந்த புக்கால வந்தது. அவர் ஹோட்டல் தீப்பெட்டியில இருந்து பழைய போஸ்ட் கார்டு வரைக்கும் தேடித் தேடிச் சேர்த்தேன். டெக்ஸஸ் ரவுண்ட் ராக்ல அவரைப் பத்தின ஒரு பழைய நோட்டீஸ் கிடைக்குதுன்னதும் ஃபிளைட் ஏறிட்டேன். நீங்க என்னடான்னா...

— நான் என்ன பண்ணேன்னு இன்னும் நீ கேக்கவே இல்ல, சாமி.

— கேக்க என்ன இருக்கு? அதான் கண்ணு முன்னாடி இருக்கே.

— சரி. அப்படியே வச்சுக்க.

— ஃபோன் எங்க?

— எதுக்கு?

— மிஸ் ரூத்துக்கு மெசேஜ் பண்றேன். இன்னிக்கு வர வேண்டாம்னு.

— தென்றல், வேண்டாம். நாஞ் சொல்றதைக் கேளு, ஃபோனைக் கீழ வை.

— என்ன காரணம் சொல்றதுன்னு யோசிச்சுட்டேன். உங்களை மாட்டி விட மாட்டேன், பயப்படாதீங்க.

— எனக்கென்ன பயம்? பொய் சொல்லாதன்னுதான் சொல்றேன். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லாத. அவங்களே வந்து உன்கிட்ட...

— அவங்களே வந்து பார்த்துட்டு, பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போகட்டும்ங்கறீங்களா? கிட்ட வராதீங்க. கையை விடுங்க.

— ஏஞ்சாமி, ஒரே ஒரு நிமிஷம். நான் அவங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கேன். அதான் இவ்வளவு நேரம் வாயைப் பொத்திட்டு நிக்கறேன். அனுப்பாத, சொல்லிடறேன்...

— அனுப்பிட்டேன்.

— என்னன்னு எழுதின?

— "நான் வாங்கறப்பவே அந்தப் பக்கத்துல சிவப்புக் கறை இருந்துச்சு. கடைக்காரர் சொல்லாம வித்துட்டார். உங்க அப்பா கையெழுத்தை அப்படிக் காட்ட எனக்கு மனசு வரல. இன்னொரு நாள் வாங்க"ன்னு.

— அழிக்க முடியுமா? இப்பவே அழிச்சுடு.

— படிச்சாச்சுன்னு காட்டுதே. ஏங்க, ஏன் இப்படி வெளுத்துப் போய் நிக்கறீங்க? வாக்குன்னீங்களே, என்ன வாக்கு?

— அந்தம்மா காலைலயே வந்துட்டாங்க, தென்றல். நீ அப்ப ஃபிளைட்ல இருந்த. சொல்லாம வந்து பார்த்தாத்தான் ஒரு வீடு எப்படின்னு தெரியும்னாங்க. உன்ற அலமாரியில இருக்கறதை ஒவ்வொண்ணா பார்த்தாங்க. உன்ற டிராயிங்கையும் பார்த்தாங்க. நான் அப்பத்தான் லேப்டாப்புக்குப் பொட்டு வச்சுட்டு இருந்தேன். இது எதுக்குன்னு கேட்டாங்க. நமக்கு அறிவும் சோறும் கொடுத்ததை இன்னிக்குக் கும்பிடுவோம்னு சொன்னேன். அப்புறம் அந்த புக்கை எடுத்துட்டு வரச் சொன்னாங்க.

— நீங்க எடுத்துக் கொடுத்து...

— கொடுத்தேன். போறப்ப, "பெட்டி இனி இந்த வீட்டுக்குத்தான், சாயங்காலம் கொண்டு வர்றேன், அவகிட்ட நானே சொல்லணும், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத"ன்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க.

— அப்ப அந்தக் குங்குமம்?

— நான் கிண்ணத்தை நீட்டினேன், கண்ணு, அவ்வளவுதான். அப்பா பேருக்குக் கீழ அவங்கதான் வச்சாங்க.