தேனீக்களுக்குச் சொன்ன சேதி

இந்த வருடம் தேன் அமோகம், இன்ஸ்பெக்டர். எங்கள் லோயர் விட்கோம் கிராமத்தில் எல்லோரும் காலி ஜாடிக்கு அலைகிறோம். போகும்போது ஒரு ஜாடி எடுத்துப்போங்கள். நீங்கள் டவுன்காரர், கடைத் தேன் தின்று நாக்கு செத்திருக்கும்.

சரி, ஹெய்ல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி ஒரு குஷி. பேச்சு அங்கே இங்கே ஓடினால் இழுத்துப் பிடியுங்கள். கதவோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருக்கிறாரே சார்ஜென்ட் மண்டி, இதைக் கண்டுபிடித்தது அவர்தான். எங்கள் ஊர்ப்பிள்ளை. எனக்குப் பெருமைதான்.

ஆம்ப்ரோஸ் ஹெய்ல் லண்டனில் பெரிய இசைக்குழுவில் வயலின் வாசித்து ஓய்வு பெற்றவர். போன வசந்தத்தில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். தனிக்கட்டை. என் வீட்டுக்காரர் மிஸ்டர் திரிப் காலமானதிலிருந்து நானும் தனிக்கட்டை. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு புதர்வேலி. அதன் அந்தப் பக்கம் வரிசையாக அவருடைய தேனீப் பெட்டிகள், இந்தப் பக்கம் நான். தினமும் சாயங்காலம் அவர் வேலியைப் பார்த்து நின்றுகொண்டு வாசிப்பார். என் பக்கம் பார்த்து நின்றார் என்பதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடை முழுக்க ஊதா கவுனைப் போட்டுக்கொண்டு, தலையைச் சுருட்டிவிட்டு, நாற்காலியை வேலியோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தபால் கடை டோர்க்காஸ் விடுவாளா?

"என்னடி ஹெஸ்டர், பீன்ஸுக்குக் களை எடுக்கக்கூட சர்ச்சுக்குப் போற கவுனா?"

"போடி, உன் ஸ்டாம்பை ஒட்டுற வேலையப் பாரு," என்றேன். மனசுக்குள் ஒரே குதியாட்டம்.

மலர்க் கண்காட்சியில் அவருடைய தேனுக்கு முதல் பரிசு. தேநீர்க் கூடாரத்தில் ஊரே கூடியிருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேரே போய், "மிஸ்டர் ஹெய்ல், தினமும் வாசிக்கிறீங்களே, அது யாருக்காகன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா மிஸஸ் திரிப்? தேனீக்களுக்குத்தான். வாசிச்சா நல்லா தேன் வைக்குது. பரிசே வாங்கிட்டேன், பாத்தீங்கல்ல?"

கூடாரமே சிரித்தது. டோர்க்காஸ் டீயை மடியில் கொட்டிக்கொண்டாள். நானும்தான் சிரித்தேன். வஞ்சம் கிஞ்சம் எல்லாம் இல்லை, இன்ஸ்பெக்டர். அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது.

ஊரே பாராட்டியவருக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டாமா? போன வருடம் போட்ட பிளம்ஸ் ஒயின் ஒரு புட்டி இருந்தது. அதில் குளவிக் கூட்டுக்கு வைக்கிற மருந்தைக் கலந்தேன். ஒயின் நல்ல தித்திப்பு, கலந்தது தெரியவே இல்லை. ஞாயிறு சாயங்காலம் அவர் சமையலறையிலேயே என் கையால் ஊற்றிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் மாரடைப்பு என்று புதைத்திருப்பார்கள். எங்கள் டாக்டர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் தேனீக்கள் இருக்கின்றனவே. எங்கள் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் இறந்துபோனால், யாராவது போய்ப் பெட்டியைத் தட்டி அவற்றுக்குச் சொல்லி, கறுப்புத் துணி கட்டவேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடும், இல்லை கூண்டோடு செத்துவிடும். நீங்கள் சிரிக்கிறீர்கள். சார்ஜென்ட் சிரிக்கமாட்டார். அவர் அப்பா போனபோது ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி அழுதுகொண்டே சொன்னவர். வாயில்லா ஜீவன்கள், பாவம், அவை என்ன செய்தன? சாவியால் தட்டி, "உங்க எஜமான் போயிட்டாரு. இனிமே நான்தான்," என்று சொல்லிக் கறுப்பு நாடாவைக் கட்டினேன். வீடு திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடிய விடிய ஊற்றியது.

காலையில் வெயில் வந்த பிறகுதான் பால்காரர் அவரைப் பார்த்தார். எல்லோரும் வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருக்க, சார்ஜென்ட் மட்டும் தேனீக்களுக்குச் சொல்லக் கறுப்புத் துணியோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஏற்கெனவே நாடா கட்டியிருந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அப்படியென்றால் மழைக்கு முன்னாலேயே கட்டியது. அவர் செத்தது அப்போதே யாருக்குத் தெரியும், கொன்றவரைத் தவிர?

என் வாசலில் வந்து நின்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "மிஸஸ் திரிப், தேனீங்ககிட்ட சொன்னது நீங்களா?"

"பின்ன வேற யாருப்பா சொல்லுவா?" என்றேன்.

மனசு மாறவே இல்லையா என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. முதல் கோப்பை உள்ளே போனதும் அவருக்கு ஒரே உற்சாகம். "என்ன கைப்பக்குவம் மிஸஸ் திரிப், இதுக்கு ஒரு பாட்டு வாசிக்கலேன்னா நான் மனுஷனே இல்ல. இது உங்களுக்கு, உங்களுக்கு மட்டும்," என்றார். வயலினை எடுத்து, எதிரில் நின்று, என் முகத்தைப் பார்த்து வாசித்தார். நடுவே வியர்த்துக் கொட்டியது. வில் இரண்டொரு தடவை நழுவியது. புரியாமல் என்னைப் பார்த்தார், ஆனாலும் நிறுத்தவில்லை. டாக்டர் வீடு எதிர்ச்சாரிதான், ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் ஓடிவந்திருப்பார். ஆனால் நீங்களே சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர், ஒருவர் எனக்காகவே வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போவது மரியாதையா?